குடல்நோய்க்கு இடப்பட்ட பெயர்கள்: ஊவாத் தோட்டங்களின் மருத்துவ வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஈழத்து மலையகத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஏற்றுமதிக் கணக்கையும், குடிவரவுச் சட்டங்களையும், தொழிற்சங்கப் போராட்டங்களையும், குடியுரிமைப் பறிப்பையுமே தம் பொருளாகக் கொண்டனர். இவை முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொழுந்து பறித்த கையையும் கவ்வாத்து வெட்டிய தோளையும் இயக்கிய உடம்பு பற்றியும், அவ்வுடம்பு உண்டதும் செரித்ததும் செரிக்காது வருந்தியதும் பற்றியும் நம் ஆய்வுகள் மிகுதியாகப் பேசவில்லை. ஒரு மக்கட்கூட்டத்தினர் எந்நோயால் இறந்தனர் என்பது மருத்துவ வினா. அந்நோய்க்கு யார், எக்கருவியைக் கொண்டு, எவருடைய நன்மை கருதிப் பெயரிட்டனர் என்பது வரலாற்று வினா. ஊவா மாகாணத் தோட்டங்களைக் களமாகக் கொண்டு இவ்விரண்டாம் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களம்

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் செல்லும் பாதையில் அமைந்த சிறு நகரம் ஹாலிஎல. அதனைச் சூழ்ந்த குன்றுகளிலும், பதுளை, தெமோதரை, ஸ்பிரிங்வெலி ஆகிய பகுதிகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிடப்பட்டன. 1869ஆம் ஆண்டில் இலைநோய் தோன்றிக் கோப்பிச் செய்கையை அழித்தமையும், அதன்பின் தேயிலை நிலைபெற்றமையும் யாவரும் அறிந்தவை. ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டது 1886ஆம் ஆண்டிலாகும். புகையிரதப் பாதை 1894இற் பண்டாரவளையை அடைந்தது. எனினும் தெமோதரை, ஹாலிஎல வழியாகப் பதுளையை அடைய அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1924இலேயே பதுளைக்கு வண்டி வந்தது. அதுவரை இப்பகுதித் தோட்டங்கள், தீவின் ஏனைய தோட்டங்களினும் பார்க்க, ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் தொலைவிலேயே இருந்தன.

இத்தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து மலையேறினர். நீரும் நிழலும் அரிதான அவ்வழியில் வாந்திபேதியும் வயிற்றுளைவும் அவர்களைத் தொடர்ந்தன. வழியில் விழுந்தோர் தொகையைச் சரிவரக் கணக்கிட்டோர் இலர். 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் கப்பற் சேவையும் தொடங்கிய காலத்துக்குள் அந்நடைப்பயணம் முடிவுக்கு வந்திருந்தது. ஆனாற் குடல்நோய் முடிவுக்கு வரவில்லை. அது லயத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தது.

‘பலவீனம்’ என்னும் பெயர்

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென முதற்சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்து, தோட்டத்துறையிடமிருந்தே வரி பெற்று, ஆஸ்பத்திரிகளையும் மருந்துச்சாலைகளையும் அமைப்பது அதன் நோக்கம். நோயுற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பும், நோய் கடுமையாயின் அறிவித்தலும் அனுப்புதலுமாகிய கடமையும் தோட்டத் துரைமீது சுமத்தப்பட்டன. 1912இல் இச்சட்டங்கள் திருத்தி அமைக்கப்பட்டன.

சட்டம் எழுதப்பட்ட தாளுக்கும் லயத்துக்கும் இடையிலான தொலைவை அக்கால அரசாங்க மருத்துவ அறிக்கைகளே காட்டுகின்றன. வேலைக்குப் பயன்படுவர் என்ற நம்பிக்கை அற்ற பின்னரே பலர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டனர். இறக்கும் தறுவாயில் வந்தோர் அங்கேயே இறந்தனர். அதனால் ஆஸ்பத்திரியின் மரண விகிதம் உயர்ந்தது. மரண விகிதம் உயர்ந்தமையால் ஆஸ்பத்திரி ‘சாகப் போகும் இடம்’ எனத் தொழிலாளர் அஞ்சினர். அச்சத்தால் நோயை மறைத்தனர். மறைத்தமையால் மேலும் காலந்தாழ்த்தி அங்கு வந்தனர். இவ்வச்சத்தை அறியாமை என்று ஆட்சியாளர் எழுதிவைத்தனர். அனுபவம் என்று எழுதுவதே பொருந்தும்.

இறந்தோரின் பதிவுகளில் அடிக்கடி காணப்பட்ட காரணங்கள் வயிற்றோட்டம், வயிற்றுளைவு, பலவீனம் என்பனவாகும். இவற்றுள் ‘பலவீனம்’ என்பது நோக்கற்பாலது. அது நோயன்று, நோயின் விளைவு. ஏன் பலவீனமுற்றான் என்ற கேள்வி கேட்கப்படாத இடத்திலேயே அச்சொல் காரணமாக அமரமுடியும். தோட்ட வழக்கில் ஒரு நாள் வேலையை ஒப்புக்கொள்வதைப் ‘பேர் போடுதல்’ என்பர். நோய்க்குப் பெயர் தேடப்படாத நாளிலும் தொழிலாளி தன் பேரை இழந்தான் என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும்.

பெரிபெரியா, புழுவா?

1887ஆம் ஆண்டில், இலங்கையின் தலைமைக் குடிசார் மருத்துவ அதிகாரியாக இருந்த கின்சி ஓர் அறிக்கை வெளியிட்டார். இலங்கையின் ‘இரத்தச்சோகை அல்லது பெரிபெரி’ என்பதே அதன் பொருள். அத்தலைப்பிலுள்ள ‘அல்லது’ என்ற சொல்லில் ஒரு காலத்தின் தடுமாற்றம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். வெளிறிய கண், வீங்கிய கால், படியேற இயலாத மூச்சிரைப்பு, வயிற்றுவலி, சிலரிடம் மண்ணைத் தின்னும் வேட்கை ஆகிய குறிகளைக் கொண்ட நோயாளர் இத்தீவிற் பலர் இருந்தனர். அவர்களுடைய நோய்க்குப் பெரிபெரி என்ற பெயரும் வழங்கிற்று. ‘இயலாது’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் இரட்டிப்பே அப்பெயர் என்பர். நோயாளி தன் நிலையைக் கூறினான். கேட்டவர் அதனையே நோயின் பெயராக எழுதிக்கொண்டார்.

உண்மையில் இருவேறு நோய்கள் ஒரு பெயரின் கீழ் மறைந்து கிடந்தன. தீட்டிய அரிசியையே உண்பதால் நேரும் உயிர்ச்சத்துக் குறைபாடு ஒன்று. அதன் வழியை 1890களில் ஜாவாவில் எய்க்மன் காட்டினார். மற்றையது கொளுக்கிப்புழு. இத்தாலிய மருத்துவர் டுபினி 1838இல் மிலான் நகரிற் பிணப் பரிசோதனை ஒன்றின்போது அதனை முதலிற் கண்டார். 1880இல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து புகையிரதச் சுரங்கம் அமைத்த தொழிலாளரிடையே இரத்தச்சோகை பரவியபோது, இப்புழுவின் கொடுமையை ஐரோப்பா உணர்ந்தது. அது மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்பினுள் நுழைகிறது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் கெய்ரோவில் லூஸ் கண்டறிந்தார். அவ்வாறு நுழைந்த புழு சிறுகுடலின் சுவரைக் கவ்வி நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். அதன் முட்டைகள் மலத்துடன் வெளியேறி ஈரமண்ணிற் பொரிக்கும். மலசலகூடம் இல்லாத, ஈரமும் நிழலும் மிகுந்த, வெறுங்காலோடு மக்கள் நடக்கும் நிலம் அதற்கு உகந்தது. தோட்டத்தைப் பார்த்தே இவ்வாழ்க்கை வட்டம் வரையப்பட்டது போலும்!

பெயரிடுதலின் பிழை அக்காலத்தில் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. அசாமில் 1890இல் ஜைல்ஸ் என்பார் காலா-அசார் நோயையும் கொளுக்கிப்புழுவின் விளைவெனக் கொண்டார். 1903இல் லீஷ்மனும், சென்னையிற் பணியாற்றிய டொனவனும் அதற்குரிய தனிக் கிருமியை வெளிப்படுத்திய பின்னரே அப்பிழை நீங்கியது. ஓரிடத்தில் புழுவுக்குப் பிறிதொரு நோயின் பெயர் கிடைத்தது; பிறிதோரிடத்தில் வேறொரு நோய்க்குப் புழுவின் பெயர் கிடைத்தது. இரண்டிடத்தும் நோயுற்றோர் பெரும்பாலும் ஏழை உழைப்பாளரே.

1916: மருந்து வந்தது, மலசலகூடம் வரவில்லை

அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேச சுகாதாரக் குழு 1916இல் இலங்கையிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்து முட்டைகளைத் தேடும் முறை அதனாலேயே தோட்டங்களிற் பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. பரிசோதிக்கப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் புழுவுடையோராகக் காணப்பட்டனர். ‘பலவீனம்’ என்ற பழைய பெயர் அன்று பொருளிழந்தது. சோம்பல் என்று துரைமாரும் கங்காணிமாரும் ஏசியதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது: சோம்பேறி எனப்பட்டவனின் குடலில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது.

செனப்போடியம் எண்ணெயும், அதனைத் தொடர்ந்து பேதிமருந்தும் கொடுக்கப்பட்டன. அவ்வெண்ணெய் நஞ்சுத்தன்மை வாய்ந்தது; தலைச்சுற்றலும் செவிமந்தமும் உண்டாக்குவது; அளவு மிஞ்சின் உயிருக்கே ஆபத்தானது. 1921இல் ஹோல் என்பவர் கார்பன் டெட்ராகுளோரைட்டைப் புழுமருந்தாக அறிமுகம் செய்தார். அது ஈரலைக் கெடுக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்று வழங்கும் மெபென்டசோல், அல்பென்டசோல் முதலிய மாத்திரைகள் கிடைக்கும்வரை, புழுநீக்கம் தொழிலாளிக்கு ஒரு சோதனையாகவே இருந்தது.

இவ்வியக்கம் வெளிக்கொணர்ந்த பெரிய உண்மை மருந்தைப் பற்றியதன்று. மலசலகூடம் அமைக்கப்படாத இடங்களிற் புழு நீங்கியோர் மீண்டும் அதே மண்ணை மிதித்து மீண்டும் புழுவேற்றனர். மருந்து கொடுத்தல் ஒருநாட் செலவு. அதன் பயன் உழைப்புத் திறனாகத் தோட்டத்துக்கே உடன் திரும்பியது. மலசலகூடமும் நல்ல நீரும் நிலையான முதலீடுகள். அவற்றின் பயன் தொழிலாளியின் குடும்பத்துக்குரியது. முன்னையது ஏற்கப்பட்டதும் பின்னையது ஒத்திவைக்கப்பட்டதும் தற்செயலன்று. 1926இற் களுத்துறையிற் சுகாதாரப் பிரிவு முறை தொடங்கப்பட்டபோது, நோயைத் தனித்தனியே துரத்துவதைவிடச் சூழலையே சீர்படுத்த வேண்டும் என்ற கருத்து இத்தீவில் வேரூன்றியது. ஆனால் தோட்ட எல்லைக்கு உட்பட்ட சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டது.

வயிற்றுளைவின் இரு முகங்கள்

வயிற்றுளைவின் வரலாறும் இத்தகையதே. சீதமும் இரத்தமும் கலந்து போகும் நோய் ஒன்றெனவே முன்னோர் கருதினர். 1875இல் ரஷ்யாவில் லோஷ் அமீபாவையும், 1898இல் ஜப்பானில் ஷிகா ஒரு பற்றீரியாவையும் காட்டியபின், அது இரண்டாகப் பிரிந்தது. 1903 முதற் கொழும்பிற் பணியாற்றிய கஸ்ரெல்லானி இலங்கையின் வயிற்றுளைவுக் கிருமிகளை ஆராய்ந்தார். 1912இற் கல்கத்தாவில் றொஜர்ஸ் எமெற்றீன் ஊசியை அறிமுகம் செய்தார். அது அமீபாவுக்கு உதவும், பற்றீரியாவுக்கு உதவாது. எனவே எவ்வகை என அறியாது மருந்திடுதல் பயனற்றதாயிற்று. அறிவதற்கோ நுணுக்குக்காட்டியும் அதனைக் கையாளத் தெரிந்தவரும் வேண்டும். தோட்ட மருந்துச்சாலையில் இவை அரிதாகவே இருந்தன. அங்கு ‘டொக்டர் ஐயா’ என அழைக்கப்பட்டவர் தோட்ட வைத்திய உதவியாளரே. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு அவர் ஒருவர். அவர் கையில் சில கலவை மருந்துகள், விளக்கெண்ணெய், பேதியுப்பு. லயத்திலோ ஓமநீரும், மாதுளந்தோலும், பாலில்லாத் தேயிலைச் சாயமும் இருந்தன.

வயிற்றோட்டத்தில் உயிரைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பே என்பதும், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாயாற் பருகக் கொடுத்தே அதனை ஈடுசெய்யலாம் என்பதும் 1971இல் வங்காள எல்லையில் பொங்கான் அகதி முகாமில் டொக்டர் மஹாலனபிஸ் பெருந்திரளானோரிடம் நிறுவிக் காட்டினார். இலங்கையிற் ‘ஜீவனி’ என்ற பெயரில் வழங்கும் பொதி அவ்வழி வந்ததே. ஒரு நூற்றாண்டு முன்னர் அறியப்பட்டிருப்பின், வடபாதையில் விழுந்த எத்தனையோ பேர் பதுளைக்கு வந்து சேர்ந்திருப்பர்.

ஆனால் அதே பத்தாண்டிலேயே மலையகம் வேறொரு துயரையும் கண்டது. 1973-74ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரணங்கள் பெருகின. பட்டினியால் மெலிந்த உடம்பின் இறுதி நோய் பெரும்பாலும் வயிற்றோட்டமே. பதிவேட்டில் நோயின் பெயர் எழுதப்படலாம். பசியின் பெயர் எழுதப்படுவதில்லை.

புதிய பெயர்: பிதுக்கப்பை அழற்சி

மலையகத்தாரும் இன்று முன்னையினும் நீண்டகாலம் வாழ்கின்றனர். முதுமையுடன் வரும் குடல்நோய்களும் அவர்களை வந்தடைகின்றன. அவற்றுள் ஒன்று டைவேட்டிக்குலைற்றிஸ் எனப்படும் பெருங்குடற் பிதுக்கப்பை அழற்சி. பெருங்குடற் சுவரின் வலுக்குறைந்த இடங்களிற் சிறு பைகள் வெளிப்பிதுங்குவதும், அவற்றுட் சில அழற்சியுறுவதும் இந்நோயின் இயல்பு. பைகள் உடையோரில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு துன்பமும் உறுவதில்லை. நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரே அழற்சிக்கு ஆளாவர் என அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன.

1849இல் பிரான்சின் குருவேலியே இப்பைகளைத் தெளிவுற விவரித்தார். 1971இல் பெயின்ரர், பேர்க்கிற் என்ற இரு மருத்துவர் இதனை நார்ச்சத்துக் குறைவால் மேலைநாட்டு நாகரிகம் வருவித்துக்கொண்ட நோய் என வாதிட்டனர். ஆபிரிக்கக் கிராமத்தவரின் முரட்டு உணவு அவர்களைக் காத்தது என்பது பேர்க்கிற்றின் முடிபு. இக்கொள்கை பெரும் செல்வாக்குப் பெற்றதாயினும், 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று பைகள் தோன்றுதற்கு நார்க்குறைவே காரணம் என்பதை ஐயுறச் செய்தது. நார்ச்சத்து அழற்சியைக் குறைக்க உதவும் என்பது இன்றும் பொதுவாக ஏற்கப்படுகிறது. விதைகளும் கொட்டைகளும் பைகளிற் சிக்கித் தீங்கு செய்யும் என்ற பழைய தடையும், நாற்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட ஆடவரைத் தொடர்ந்து நோக்கிய 2008ஆம் ஆண்டு ஆய்வினால் ஆதாரமற்றதாயிற்று.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. மேலைநாட்டில் தீட்டிய வெண்மா செல்வத்தின் உணவாக வளர்ந்தது. தோட்டத்தில் அது வறுமையின் உணவாக வந்தது. கோதுமைமா ரொட்டியும் சம்பலும் தேநீருமே பல குடும்பங்களின் காலையுணவு. சிலபோது நாள்முழுதுக்குமான உணவு. உணவோடு பருகும் தேநீர் இரும்புச்சத்து உடம்பிற் சேர்வதைக் குறைக்கும் என்பதும் அறியப்பட்டதே. ‘நாகரிகத்தின் நோய்’ என்ற பெயரை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவதற்கு முன், யாருடைய நாகரிகம், யாருடைய தட்டு என்று கேட்டல் வேண்டும்.

நோயறிதலிலும் அத்தகைய எச்சரிக்கை தேவை. மேலைநாட்டு நூல்கள் இடப்புற அடிவயிற்றில் வலி, காய்ச்சல், மலப்போக்கின் மாற்றம் என இந்நோயை விவரிக்கும். ஆசிய மக்களிலோ பைகள் பெரிதும் பெருங்குடலின் வலப்புறத்தே காணப்படுகின்றன. ஆகவே வலி வலப்புறம் தோன்றி, குடல்வால் அழற்சி எனத் தவறாகக் கருதப்படலாம். அமீபா அழற்சி, குடற் காசம், பெருங்குடற் புற்றுநோய் ஆகியவையும் இதனை ஒத்த குறிகளைக் காட்டவல்லன. இரத்தப் பரிசோதனையும் சீ.ரீ. ஸ்கானுமே இவற்றைப் பெரிதும் வேறுபடுத்துவன. அழற்சி தணிந்து ஆறு முதல் எட்டு வாரங்களின் பின், தேவையானோருக்குக் குடலை உட்காட்டியாற் பார்த்துப் புற்றுநோய் இல்லையென உறுதிசெய்வதும் வழக்கம்.

சிகிச்சையும் மாறியுள்ளது. சிக்கலற்ற அழற்சிக்கு நுண்ணுயிர்கொல்லி எப்போதும் வேண்டியதில்லை என்பதை 2012இல் சுவீடனிலும் ஐஸ்லாந்திலும் 623 நோயாளரிடத்தும், 2017இல் நெதர்லாந்தில் 528 நோயாளரிடத்தும் நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டின. எளிய உணவு, நீர், ஓய்வு, வலிநீக்கி ஆகியன பலருக்குப் போதும். சீழ்க்கட்டி பெரிதாயின் அதனை வடித்தலும், குடல் துளைபட்டு வயிறு பலகைபோல் இறுகின் உடன் சத்திரசிகிச்சையும் வேண்டப்படும். ஆயினும் ‘மருந்தின்றி ஆறும்’ என்னும் முடிபு, நோய் சிக்கலற்றது என ஸ்கான் மூலம் உறுதியானோரைப் பற்றியதே என்பதை மறத்தலாகாது. பெயர் அறியாது மருந்து கொடுத்த காலம் போய், பெயர் அறியாது மருந்தை மறுக்கும் காலம் வந்துவிடக் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி உடல் மெலிதல், நீங்காத காய்ச்சல், நடுவயதின் பின் புதிதாய்த் தோன்றிய மலப்போக்கு மாற்றம் ஆகியவற்றோடு வருவோரைத் தோட்ட மருந்துச்சாலையின் கலவை மருந்தோடு திருப்பியனுப்பாது, பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதே முறை.

முடிவுரை

பலவீனம், பெரிபெரி, புழு, வயிற்றுளைவு, அழற்சி எனப் பெயர்கள் மாறிவந்துள்ளன. இம்மாற்றத்தில் அறிவியலின் வளர்ச்சி தெளிவாகத் தெரிகிறது. அதனைப் போற்றுவோம். ஆனால் மாறாத ஒன்றும் அதனூடே தெரிகிறது. நோய்க்குச் சரியான பெயர் கிடைத்த பின்னரும், அப்பெயர் லயத்தை அடைவதற்குக் காலம் சென்றது. அடைந்த பின்னரும், நோயின் வேரான நீர், மலசலகூடம், உணவு, ஓய்வு என்பன அதனினும் பிந்தியே வந்தன. மலைச்சரிவிற் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அருகில் ஒரு கழிப்பிடம் இல்லாமை இன்றும் பல இடங்களிற் காணப்படுவது. நாள்முழுதும் அடக்கிவைத்த உடம்பின் துன்பத்தை எந்த ஸ்கானும் காட்டாது.

தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் மீண்டும் தனியார் நிருவாகத்துக்குச் சென்றன. இம்மாற்றங்களினூடே தோட்ட மருந்துச்சாலைகளின் பழைய பதிவேடுகள் கவனிப்பாரற்றுப் போகும் நிலை உண்டு. அவற்றில் நம் பாட்டன் பாட்டியரின் பெயர்கள் உள்ளன. அவர்களுடைய நோய்க்குப் பிறர் இட்ட பெயர்களும் உள்ளன. வரலாறு பயிலும் மாணவரும் மருத்துவம் பயிலும் மாணவரும் ஒருங்கு சென்று, ஹாலிஎலை முதலிய பகுதிகளில் எஞ்சியவற்றையேனும் தேடிப் படியெடுத்துப் பாதுகாத்தல் வேண்டும். ‘இயலாது’ என்று சொன்னவனின் குரலைப் ‘பலவீனம்’ என்று எழுதிய கையெழுத்தினூடே மீட்டெடுப்பது, இத்தலைமுறை ஆய்வாளர் செய்யத்தக்க பணிகளுள் ஒன்றாகும்.